சேர்த்து வைத்த பிறகு

(பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளையொட்டி நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சின் போக்கை மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம்.)

முன்வரிசையைச் சுயஉதவிக் குழுச் சகோதரிகள் நிரப்பியிருக்கிறார்கள், கதவோரம் ஆண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். நிற்பவர்கள் உள்ளே வந்து உட்காரலாம், நாற்காலி இருக்கிறது. இன்று நான் பேசப்போவதில் பாதிக்கு மேல் உங்களிடம்தான்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் வழக்கறிஞர் என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள், நன்றி. சிந்தனைச் செம்மல் என்று போட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். குடும்ப வன்முறை மனுக்களைத் தாக்கல் செய்வதும், அவை எப்போது கூப்பிடப்படும் என்று நீதிமன்ற வராந்தாவில் காத்திருப்பதும்தான் என் தொழில். அந்த வராந்தாவில் காதில் விழுந்த பேச்சுகளைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் இந்த நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. டொமினிக்கன் குடியரசில் மிராபால் சகோதரிகள் என்று மூவர் இருந்தார்கள். பாத்ரியா, மினர்வா, மரியா தெரேசா. துருஹியோ என்ற சர்வாதிகாரியை எதிர்த்தார்கள். சிறையில் இருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், 1960 நவம்பர் 25 அன்று, வண்டியை மறித்து மூவரையும் அடித்துக் கொன்றார்கள். வண்டி ஓட்டியவரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு உடல்களை வண்டியிலேயே வைத்து மலைச்சரிவில் உருட்டிவிட்டு, கார் விபத்து என்று அறிவித்தார்கள். 1981இல் பொகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்கள் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள், 1999இல் ஐ.நா. ஏற்றுக்கொண்டது. கொலையை விபத்தாக மாற்றும் அந்த வித்தையை நினைவில் வையுங்கள். அது நம் ஊர்ச் சமையலறைக்கும் தெரியும்.

இனி நம் ஊர். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். இந்திய சராசரி 29. பெண்கள் அதிகம் படிக்கிற மாநிலம், அதிகம் வேலைக்குப் போகிற மாநிலம் என்று மேடைதோறும் நாம் பெருமைப்படுகிற அதே மாநிலம்தான் இது. இதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இந்த எண் ஏறத்தாழ 41. இந்த வேகத்தில் குறைந்தால் நம் பேத்திகளின் காலத்திலும் இப்படியொரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

அதே கணக்கெடுப்பில் கேரளத்துக்கு வந்த எண் சுமார் 10. உடனே மலையாளிகளைப் பாராட்டிவிட வேண்டாம். அங்கே திருவனந்தபுரம் மாவட்டத்தில் பீனா அகர்வால், பிரதீப் பாண்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் தனியாக ஓர் ஆய்வு நடத்தி 2005இல் வெளியிட்டார்கள். அதில் திருமண வாழ்க்கையில் அடி வாங்கியதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆண்டுகள் வேறு, கேட்ட முறை வேறு, உண்மைதான். எப்படி இருந்தாலும், கதவைச் சாத்திவிட்டு நிதானமாகக் கேட்பவரிடம் வருகிற பதிலும், படிவத்தை வைத்துக்கொண்டு அவசரமாகக் கேட்பவரிடம் வருகிற பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. அடி வாங்கியவள் வாய் திறப்பாளா என்பது எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இன்று நான் சொல்ல வந்ததன் சாரமே இதுதான்.

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு பகுதி உண்டு. கணவன் மனைவியை அடிப்பது எந்தெந்தக் காரணத்துக்கு நியாயம் என்று ஏழு காரணங்களை அடுக்கிக் கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே போனால், எதிர்த்துப் பேசினால், சமையல் சரியில்லை என்றால், இப்படி. இந்திய அளவில் பெண்களில் நூற்றுக்கு 45 பேர் ஏதாவது ஒரு காரணத்தையாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களில் 44. அதிகம் பேர் ஒப்புக்கொண்ட காரணம் எது தெரியுமா? மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காதது. அடிக்கிற கை ஒன்றுதான். அதற்கு அனுமதிச் சீட்டு குடும்பம் மொத்தமும் சேர்ந்து எழுதிக்கொடுத்தது.

அடி வாங்கியவர்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் மூச்சு விடவில்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். கேட்டவர்களும் பெரும்பாலும் போய் நின்றது பிறந்த வீட்டில்தான். காவல் நிலையம், வழக்கறிஞர், மருத்துவர் எல்லாம் வரிசையில் வெகு பின்னால். என்னிடம் ஒரு பெண் வந்து உட்காருவதற்குள் அவள் நாலைந்து பேரிடம் சொல்லி முடித்திருப்பாள். அந்த நாலைந்து பேரும் என்ன செய்தார்கள் என்பதில்தான் அவள் உயிரோடு என் எதிரில் உட்காருகிறாளா என்பதே இருக்கிறது.

முதல் ஆள் பெரும்பாலும் அம்மா. “அவரு கொஞ்சம் முன்கோபிதான். நீதான் அனுசரிச்சுப் போகணும்மா.” இப்படிச் சொல்கிற தாயைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகையில் பாதி கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் கிடக்கிறது. பந்தி போட்ட கடனுக்கு வட்டி ஏறுகிறது. இளையவளுக்கு வரன் வந்துகொண்டிருக்கிறது. மூத்தவள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தால் வந்த வரன் நழுவும். இருப்பது இரண்டு அறை, ஒன்றில் மகனும் மருமகளும். இந்த வீட்டில் மகளையும் அவள் குழந்தைகளையும் எங்கே படுக்க வைப்பது? ஆகவே அம்மா முகம் கழுவச் சொல்லி, காபி கொடுத்து, நாலு நாள் வைத்திருந்து, புதுச்சேலை எடுத்துக்கொடுத்து, அப்பாவைத் துணைக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வருகிறது.

படுக்க ஓர் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்தத் திருவனந்தபுரம் ஆய்வே சாட்சி. சொந்தப் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்டகால அடி உதையைச் சொன்னார்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18 சதவீதம். வீடு மட்டும் இருந்தவர்களில் 10. இரண்டும் இருந்தவர்களில் 7. படிப்பு, வேலை, கணவனின் வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. ‘போடி வெளியே’ என்று சொன்னால் அவள் நிஜமாகவே போய்விடுவாள், போய்ச் சேர அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அப்போது மணமாகாதிருந்த இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சந்தேகங்களையும் தீர்த்துவைத்தது. சரி, பங்கு எங்கே? ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டுச்சேலை கட்டிய அக்கா தங்கைகள் வரிசையில் நிற்பார்கள். வாங்க வந்தவர்கள் அல்ல, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவர்கள். “உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, தம்பிக்கு எழுதிக்கொடுத்துடும்மா” என்று அப்பா சொல்லியிருப்பார். எழுதிக்கொடுக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்குச் சீர் வராது, பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி கிடைக்காது. அவளுக்குத் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும். அந்த வாசலைத் திறந்து வைத்துக்கொள்வதற்காகத்தான் கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு வருடம் கழித்து வீங்கிய கன்னத்தோடு அதே வாசலுக்கு வரும்போது, “நீ உன் வீட்டுக்குப் போம்மா” என்கிறார்கள். எது அவள் வீடு?

இந்த அரங்கில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் 25க்கு மெழுகுவத்தி ஏற்றுவது இருக்கட்டும். அந்தப் பத்திரத்தை எழுதி வாங்காதீர்கள். எழுதி வாங்கியாகிவிட்டது என்றால் ஓர் அறையையாவது அவள் பெயருக்குத் திருப்பி எழுதுங்கள். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

அம்மாவுக்கு அடுத்து ஊர்ப் பெரியவர்கள். சாதிச் சங்கத் தலைவர், கோயில் நாட்டாமை, ஜமாத், பங்குத் தந்தை, வார்டு கவுன்சிலர். மதமும் சாதியும் மாறும், உட்கார்ந்திருக்கும் வரிசை மாறாது. நடுவில் ஆண்கள். ஓரத்தில் அவளுடைய அப்பா கைகட்டி நிற்பார். அவள் சொல்ல வேண்டியதை அவளைத் தவிர எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் அவன் ஆயிரமோ இரண்டாயிரமோ தெண்டம் கட்டுவான். பெரும்பாலும் அந்தப் பணமும் அவளுடைய சீட்டுச் சேமிப்பிலிருந்துதான் வரும்.

இந்த வரிசையை மாற்றிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் என்பவர் ‘ஸ்டெப்ஸ்’ என்ற அமைப்பை நடத்திவந்தார். அவரிடம் வந்த முஸ்லிம் பெண்களுக்கு ஒரே குறை: மணவிலக்கு, மஹர், ஜீவனாம்சம் எல்லாவற்றையும் ஜமாத் பள்ளிவாசலுக்குள் பேசுகிறது, அங்கே போய்ப் பேச நமக்கு இடமில்லை. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர்கள் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தைத் தொடங்கினார்கள். பெண்களே உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். கணவன் வீட்டாரை வரவழைத்தார்கள். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் கூடப் போனார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ என்ற ஆவணப்படத்தில் அந்த அமர்வுகளைப் பார்க்கலாம். அதிகம் படிக்காத பெண்கள், நல்ல குறுக்கு விசாரணை. என் ஜூனியர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறேன். எதிர்ப்பும் வந்தது, வசையும் வந்தது. ஆனால் புகார் சொல்லும் பெண் அங்கே நின்றுகொண்டு அழவில்லை, உட்கார்ந்து பேசினாள். மற்ற சமூகங்களைச் சேர்ந்தவர்கள் இதை முஸ்லிம் வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் சங்கக் கட்டடத்தில் பஞ்சாயத்து நடக்கும்போது நடுவில் எத்தனை பெண்கள் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது இடம் காவல் நிலையம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. ஆண்கள் நிறைந்த நிலையத்தில் படியேறத் தயங்கிய பெண்களுக்கு அந்தப் பலகையே தைரியம் கொடுத்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்று அது ஏறக்குறைய எல்லா ஊருக்கும் வந்துவிட்டது.

உள்ளே நடப்பது வேறு. மனு கொடுத்தால் மனு ரசீது தருவார்கள், சி.எஸ்.ஆர். என்கிறோமே, அது. எதிர்மனுதாரருக்கு ஃபோன் போகும். ஒரு நாள் இரண்டு தரப்பும் பெஞ்சில் எதிரெதிரே உட்காருவார்கள். அவனுக்கு ஒரு டோஸ், அவளுக்கு ஒரு டோஸ். “குழந்தை முகத்தைப் பாரும்மா.” பிறகு ஒரு வெள்ளைத்தாள். ‘இனிமேல் என் மனைவியை அடிக்க மாட்டேன்’ என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போடுவான். ‘புகாரின் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை, கணவருடன் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன்’ என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இரண்டு தாள்களையும் உற்றுப் பாருங்கள். அவன் தாளை அவன் மீறினால் அதற்காகத் தனியாக ஒரு தண்டனையும் கிடையாது. அவள் தாளோ பிற்பாடு வழக்கு வரும்போது அவளுக்கு எதிரான ஆவணமாக என் முன்னாலேயே வந்து விழும்: “அப்போதே புகாரை வாபஸ் வாங்கிய பெண்தானே யுவர் ஆனர்.”

அந்த நிலையத்தின் காவல் ஆய்வாளரம்மாவும் பாவம்தான். போக்சோ வழக்கு, கோயில் திருவிழா பந்தோபஸ்து, நீதிமன்றச் சாட்சி, காணாமற்போன பெண் என்று எல்லாம் அவர் தலையில். இத்தனைக்கும் நடுவில் ‘இத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தோம்’ என்பதைத்தான் ஊரும் பத்திரிகையும் சாதனையாகச் சொல்கின்றன. சேர்த்து வைத்த குடும்பத்தில் மறுமாதம் என்ன நடந்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

சட்டம் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. கணவன் வீட்டாரின் கொடுமை 1983லிருந்து தனிக் குற்றம். 498-ஏ என்று நாம் சொல்லிப் பழகியது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. 2013இல் லலிதா குமாரி வழக்கில், கைதுக்குரிய குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத் தகராறு போன்ற சில வகைகளில் மட்டும் ஆரம்ப விசாரணைக்கு இடம் விட்டது, அதுவும் குறுகிய காலக்கெடுவோடு. அந்தச் சின்னச் சந்துதான் நம் நிலையங்களில் பெரிய சாலையாகிவிட்டது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் அருமை பலருக்குத் தெரியாது. அவனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும் என்கிற பெண்ணுக்காகவே எழுதிய சட்டம் அது. நூற்றுக்கு எண்பது பேர் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். அந்தச் சட்டத்தில் அடி மட்டுமே வன்முறை அல்ல. வசை, சந்தேகப் பேச்சு, சம்மதமில்லாத உறவு, சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை விற்பது எல்லாம் வன்முறை. நீதித்துறை நடுவர் பாதுகாப்பு உத்தரவு போடலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்து வெள்ளைத்தாளையும் இந்த உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அவன் தருகிற வாக்கு. மற்றது அவனுக்கு இடுகிற கட்டளை. எனவே இனி உங்கள் வீட்டுப் பெண்ணை யாராவது வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், “வெள்ளைத்தாள் வேண்டாம், நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொள்கிறோம்” என்று சொல்லுங்கள்.

குடியிருக்கும் உரிமையும் அதில் உண்டு. வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவளைத் தெருவுக்குத் தள்ள முடியாது என்கிறது 17ஆம் பிரிவு. ஆனால் சட்டம் அமலுக்கு வந்த சில வாரங்களிலேயே, பத்ரா வழக்கில், மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகளுக்கு இந்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கல்யாணமானதும் பெற்றோர் வீட்டில்தானே நம் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்? பதினான்கு ஆண்டு அந்தத் தீர்ப்பைக் காட்டியே கதவைச் சாத்தினார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில்தான் அதை உச்ச நீதிமன்றமே தவறு என்றது. பழைய தீர்ப்பை இன்னும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வராந்தாவில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்தச் சட்டத்தின்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர்கள் போதவில்லை. ஒரு மாவட்டத்தின் அத்தனை தாலுகாக்களுக்கும் ஒரே ஒருவர் ஓட முடியாது. சம்மன் போய்ச் சேராது. என் தொழில்காரர்கள் வாய்தா வாங்குவதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறோம். கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தவளிடம் ‘அடுத்த மாதம் பதினெட்டு’ என்று சொல்லி அனுப்புவதும் ஒரு வகை அடிதான்.

திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் பாதை எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் தீக்காயப் பிரிவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 2009இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயினால் இறந்தவர்கள் 1,63,000க்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்காரர்கள். உண்மையான விபத்து உண்டு, தானே தீ வைத்துக்கொண்டவர்கள் உண்டு, கொளுத்தப்பட்டவர்கள் உண்டு. எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்குமூலம்: “ஸ்டவ் வெடிச்சிருச்சு.” கட்டிலைச் சுற்றி அவன் வீட்டார் நிற்கும்போது, குழந்தை அவர்கள் கையில் இருக்கும்போது, அவள் வேறு எதைச் சொல்வாள்? கேஸ் அடுப்பு வந்துவிட்டது, ஸ்டவ் வெடிப்பது குறைந்திருக்கிறது. இப்போது வழுக்கி விழுகிறார்கள், தூக்கில் தொங்குகிறார்கள்.

ஆபத்து நெருங்குவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. கேட்பவர்களுக்கு அவை தெரிந்திருக்க வேண்டும். முக்கியமானது கழுத்து. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முன்பு ஒருமுறையாவது துணைவன் கழுத்தை நெரித்திருந்தால், அவனாலேயே அவள் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். நெரித்தால் பல சமயம் வெளியே தடம்கூடத் தெரியாது. குரல் கம்மும், விழுங்கும்போது வலிக்கும், அவ்வளவுதான். ‘அடிச்சானா?’ என்று கேட்கிற நாம் ‘கழுத்தைப் பிடிச்சானா?’ என்று கேட்பதில்லை. பிடித்தான் என்றால் அன்றைக்குப் பஞ்சாயத்துப் பேச்சே கூடாது, அவளை அந்த வீட்டில் படுக்க வைக்கக் கூடாது. இன்னொன்று, அவள் பிரிந்து போகிறேன் என்று சொன்ன நாள்களும் போன பிறகு வரும் வாரங்களும் அபாயமானவை. “கடைசியா ஒரு தடவ பேசிட்டுப் போறேன்னு கூப்பிடுறார்” என்று கிளம்புகிற பெண்ணைத் தனியாக விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்யலாம்? குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2008இல் ‘பெல் பஜாவோ’ என்று ஒரு பிரசாரம் நடந்தது. வீட்டுக்குள் அடி விழும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடி, எதையாவது கேள், அவ்வளவுதான். உறைமோர் இருக்கா என்று கேளுங்கள். கேஸ் புத்தகம் கேளுங்கள். சமாதானம் பேச வேண்டியதில்லை. வெளியே காது இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் ஓர் ஐந்து நிமிடம் அவளுக்குக் கிடைக்கும். குடியிருப்போர் சங்கத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கு இரண்டு மணி நேரம் விவாதிக்கிறவர்கள் இதை ஐந்து நிமிடம் பேசலாம்.

கதவோரம் நிற்பவர்களே, உங்கள் பங்குக்கு வருகிறேன். ‘குடிதான் காரணம்’ என்று கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து சொல்வீர்கள். கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வருகிற வீடுகளில் நூற்றுக்கு 70 பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், குடிக்காத வீடுகளில் 23 என்கிறது முன்பு சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பு. சாராயம் விற்கிற அரசாங்கத்திடம் இதைக் கேட்கத்தான் வேண்டும், கேட்போம். ஆனால் அந்த 23 பேருக்கு என்ன பதில்? போதையில் இருப்பவன் தெருமுனையில் எஸ்.ஐ. வண்டியைப் பார்த்தால் வேட்டியை இறக்கிவிட்டு ‘சார்’ என்கிறானே, எப்படி? அவனோடு உட்கார்ந்து குடித்த நண்பன், ‘நேத்து வீட்டுக்காரிக்கு நாலு போட்டேன்’ என்று அவன் சொன்னபோது சிரித்தானா, எழுந்து போனானா? நான் அறிந்தவரை, மனைவி சொல்லியும் மாமனார் சொல்லியும் அசையாதவனை நண்பன் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது கொஞ்சம் உலுக்கியிருக்கிறது.

பொய் வழக்குகள் பற்றியும் கேட்பீர்கள். உண்டு. எந்தச் சட்டத்தில் இல்லை? செக் மோசடியிலும் நிலத் தகராறிலும் பொய் வழக்கு உண்டு, அதற்காக அந்தச் சட்டங்களை யாரும் ஏவிவிட்ட பேய் மாதிரிப் பேசுவதில்லை. 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்த பிறகு 498-ஏ வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்ய முடியாது. காரணம் எழுதி வைக்க வேண்டும். தண்டனை விகிதம் குறைவு என்பதைக் காட்டி எல்லாம் பொய் என்கிறார்கள். நடுவழியில் அவளைச் சமாதானப்படுத்தி, சாட்சிக் கூண்டில் ‘எனக்கு ஞாபகமில்லை’ என்று சொல்ல வைத்துவிட்டு, பிறகு விகிதம் குறைவு என்று கணக்குக் காட்டினால் எப்படி?

சேர்த்து வைப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சேர்ந்து வாழ விரும்புகிற பெண்கள் ஏராளம், அது அவர்கள் முடிவு. சேர்த்து வைக்கிறவர்கள் பொறுப்பையும் சேர்த்து ஏற்க வேண்டும் என்கிறேன். அப்பா, நாட்டாமை, ஆய்வாளர் யாராக இருந்தாலும், அனுப்பிய எட்டாம் நாள் அந்த வீட்டுக்குப் போங்கள். அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி. மூன்று மாதம் கழித்து மறுபடி. சுயஉதவிக் குழுக்கள் கடன் தவணைக்கு வாரம் தவறாமல் நோட்டுப் போடுகிறீர்களே, அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்க முடியாதா? முன்வரிசையில் தலையாட்டுகிறீர்கள். சரி, எந்தக் குழு முதலில் தொடங்கியது என்று எனக்குச் சொல்லியனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.

குறித்துக்கொள்ள வேண்டியவை சில. 181 பெண்கள் உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்தில் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்க இடமும் சிகிச்சையும் சட்ட ஆலோசனையும் கிடைக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் திரும்ப வேண்டாம். பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். அரசு மருத்துவமனையில் காயத்தைக் காட்டும்போது ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது என்று சொல்லி, ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில், அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீது இவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். அந்த ஒருவராக இருக்கச் சொல்லி யாராவது உங்களிடம் கவரை நீட்டினால், உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்கி பீரோவில் வையுங்கள்.

சட்டத்தைப் பற்றிய கேள்விகளை மைக்கில் கேட்கலாம். சொந்த விஷயம் கேட்க நினைப்பவர்கள் மைக்குக்கு வர வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்கம் குழந்தைகள் நூல் பிரிவில் உட்கார்ந்திருப்பேன். நூலகர் அந்த அறையை ஒன்பது மணி வரை திறந்துவைக்கிறேன் என்றிருக்கிறார். ‘என் தோழிக்காகக் கேட்கிறேன்’ என்று ஆரம்பித்தாலும் சரி, தோழி பெயரைக் கேட்க மாட்டேன்.